அடக்கத்துக்கு வாசித்தவர்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவரை வகுப்பில் எல்லோரும் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் நரைத்த தலை அவருடையது ஒன்றுதான். காயத்துக்குக் கட்டுப் போடும் பாடம் வந்தால் ஆசிரியர், "இதெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, இல்லையா?" என்பார். பட்டாளத்தார் சிரித்து மழுப்பிவிடுவார்.

உண்மையில், பட்டாளத்தில் அவர் ஒரு விரல் காயத்துக்குக்கூடக் கட்டுப் போட்டதில்லை. ராணுவ பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவர். அணிவகுப்புக்கு வாசித்தார், பதக்க விழாவுக்கு வாசித்தார், எல்லாவற்றையும்விட அதிகமாக அடக்கத்துக்கு வாசித்தார். கொடி போர்த்திய சவப்பெட்டி வரும். வாசித்து முடித்ததும் வாத்தியத்தைத் துடைத்து உறையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அங்கே அழுதுகொண்டு நின்றவர்களை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்கி வைத்த அலமாரியைக் கலைத்து அடுக்கினார். கசியாத குழாயைக் கழற்றி மாட்டிக் கசிய வைத்தார்.

"ஏதாவது வேலைக்குப் போங்க. இல்லேன்னா சொல்லுங்க, நான் கிளம்பிப் போறேன்" என்றாள் மனைவி.

"இத்தனை வருஷமா எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போய் நின்னேன். முடியறதுக்கு முன்னாடி போற வேலையா இருந்தா நல்லா இருக்கும்" என்றார். அப்படித்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தார்.

"பேண்டுல இருந்தேன்னு வகுப்புல சொல்லிட்டீங்களா?" என்று அவள் அடிக்கடி கேட்டாள்.

"சொல்லணும்."

"அவ்வளவு ஊதின வாய்க்கு இது மட்டும் வரமாட்டேங்குதாக்கும்."

ஆம்புலன்ஸில் கூடப் போய்ப் பழகும் நாள் வந்தது. வண்டியின் பொறுப்பாளர் அவரைவிட வயதில் மிகச் சிறியவள். எல்லோருக்கும் அவள் சீனியர். காலையிலிருந்து ஓர் அழைப்பும் இல்லை. பட்டாளத்தார் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார்.

"அண்ணா, அது எங்கேயும் ஓடிடாது. கொஞ்சம் உட்காருங்க" என்றாள் சீனியர்.

உட்கார்ந்தார். கால் ஆட ஆரம்பித்தது. முன்னால் கண்ணயர்ந்திருந்த டிரைவர் திரும்பி, "வண்டி தானா கிளம்பிடுச்சோன்னு பார்த்தேன்" என்றார்.

மதியம் அழைப்பு வந்தது. ஒரு கடைக்கு மேல் குறுகலான மாடி வீடு. தையல்காரர் ஒருவர் மெஷினில் உட்கார்ந்தபடியே சரிந்திருந்தார். மூச்சில்லை, நாடியில்லை. அவரைக் கூடத்துக்கு இழுத்துப் படுக்க வைத்தார்கள். பட்டாளத்தார் மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். கை தன்னாலே வேகமெடுத்தது.

"மெதுவா அண்ணா. ஓடாதீங்க. தாளம் தப்புது."

எந்தப் பேண்டு மாஸ்டரும் அவரிடம் சொல்ல நேராத வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடினார். டிரைவர் மாற்றிக்கொண்டார், பிறகு சீனியர், பிறகு மீண்டும் இவர். ஊசி போட்டார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு அசையவேயில்லை. கடைசியில் சீனியர் மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, போதும் என்று கையைக் காட்டினாள். மேற்கொண்டு விவரம் சொல்ல வராந்தாவுக்குப் போனாள். ஸ்ட்ரெச்சருக்கு வழிவிடப் படியை அடைத்துக் கிடந்த துணி மூட்டைகளை டிரைவர் நகர்த்திக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலில் தையல்காரரின் மனைவி நின்றாள். "ஏன் நிறுத்திட்டீங்க?"

பட்டாளத்தார் சீனியரைத் தேடினார். அவள் முதுகுதான் தெரிந்தது. அவருடைய கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. பஸ் நிற்கிற பக்கம் திரும்பிப் பழகிய கால். சிரமப்பட்டு அதை நிறுத்தினார்.

"அம்மா... அவர் போயிட்டாரும்மா."

"எங்க போயிட்டார்? இதோ படுத்திருக்காரே."

அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இறந்துட்டாரும்மா. எங்களால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்தோம். உயிர் திரும்பலை."

அவள் அழவில்லை. "அந்த நீலச் சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்கணும்னார். சாயங்காலம் வாங்கிக்க வருவாங்க" என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். மகளுக்கு என்றாள். போனை எடுத்தாள், மகள் குரல் கேட்டதும் வாய் எழவில்லை. போனை அவரிடம் நீட்டினாள். கூட யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அதே வார்த்தையை இரண்டாம் முறை சொன்னார். இந்த முறை அவர் குரல் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கட்டிக்கொள்ளும் வரை அங்கேயே இருந்தார்.

உடலை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சீனியர் சொன்னாள்: "'போயிட்டார்'னு மட்டும் எப்பவும் சொல்லாதீங்க. அப்புறம் சொன்னது சரி. பட்டாளத்துல எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க, இல்ல?"

"ஒருத்தருக்கும் சொன்னதில்லை, மேடம். நான் பேண்டுல ட்ரம்பெட் வாசிச்சவன். வாசிச்சு முடிஞ்சா கிளம்பிடுவோம்."

டிரைவர் வண்டியை ஓரங்கட்டியே விட்டார். "பேண்டா? குண்டுச் சத்தத்துல இருந்த மனுஷனாச்சேன்னு ஹாரனையே பார்த்துப் பார்த்து அடிச்சிட்டிருக்கேன் நான்!"

சீனியர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பட்டாளத்தாருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும். அவள் சட்டென்று நிதானமாகி, "அழுத்தும்போது ஓடறீங்க அண்ணா. அதைச் சரி பண்ணாம உங்களை நான் விடமாட்டேன்" என்றாள்.

வீட்டில் அவரால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"வேண்டாம்னா விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"விடவும் முடியலையே."

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று பேண்டு விஷயத்தைச் சொன்னார். ஒருவன் தன் அக்கா கல்யாணத்துக்கு வாசிக்க முடியுமா என்று கேட்டான். அதற்குப் பிறகு தினமும் ரப்பர் பொம்மையின் நெஞ்சில் பழகினார். முதல் தேர்வில் வேகம் அதிகம் என்று தோற்றுப்போனார். அடுத்ததில் தேறினார், தட்டுத் தடுமாறித்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதல் அழைப்பு வந்தபோது டிரைவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டாளத்தார் அதற்குள் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.