ஈயம் ஆறும் வரை

1996 செப்டம்பர் 14 அன்று மாலை மூன்றரை மணிக்கு, இஸ்ஸிக்குல் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள பலிக்ச்சி நகரில், மேற்கிலிருந்து வீசும் உலான் காற்று நான்கு நொடி நின்றது. தபால் நிலைய ஊழியை கனிஷாய், அஞ்சலில் வந்த பெட்டியைப் பிரித்து அதிலிருந்த உதிரிப் பாகங்களை ஈயத்தால் பற்றவைத்து வானொலி ஒன்றைத் தன் கையால் செய்துகொண்டிருந்தாள். ஈயம் ஆறும் வரை ஒட்டு அசையக்கூடாது என்பதால் மூச்சைப் பிடித்திருந்தாள். காற்றும் பிடித்துக்கொண்டது. ஈயம் ஆறியதும் இரண்டும் மறுபடி கிளம்பின.

மாதம் ஒரு பெட்டி வந்தது. அவள் பற்றவைக்கும் நாட்களில் ஊர்ப் பெண்கள் துணி உலர்த்தினார்கள், ஆண்கள் வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தார்கள். துறைமுக அதிகாரி ஒருமுறை வெறும் கம்பியில் ஈயத்தை உருக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். காற்று அதைச் சட்டை செய்யவில்லை. தேவையான ஒட்டு, ஒழுங்கான ஒட்டு, அதற்குத்தான் நின்றது. அவள் கணவன் பெய்ஷென் மீன் பிடிப்பவன். "ஊர்க் காத்தையே நிறுத்துறா, என் குறட்டையை நிறுத்த வக்கில்ல" என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தான்.

1998 நவம்பர் 2 அன்று மதியம், முன்னறிவிப்பின்றி உலான் எழுந்தது. பெய்ஷெனும் இன்னும் மூன்று பேரும் இரண்டு துடுப்புப் படகுகளில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். காற்று அவர்களை நடு ஏரிக்குத் தள்ளியது. கனிஷாயிடம் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. அதில் வைக்க வேண்டியவை தொண்ணூற்று நான்கு ஒட்டுகள்.

பதறிப்போய் முதல் பன்னிரண்டை அவசரமாக வைத்தாள். அவை மங்கி, சொரசொரப்பாக நின்றன. காற்று ஒருமுறைகூட நிற்கவில்லை. மீனைப் புகைபோட்டு விற்கும் ஜூராகான், பக்கத்து வீட்டுக்காரி, தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"குடிடி முதல்ல. அவன் ஏரியில இருக்கான், உன் பலகையில இல்ல."

கனிஷாய் குடித்தாள். கெட்ட பன்னிரண்டையும் உருக்கி எடுத்துவிட்டு, வழக்கம்போல் ஆரம்பித்தாள். குட்டையான ரெசிஸ்டர்கள் முதலில், உயரமான கண்டன்சர்கள் கடைசியில், அவற்றின் கழித்தல் குறியை இரண்டு முறை பார்த்து. சூட்டுக்கோலை ஈயத்தில் வைக்காமல், பாகத்தின் காலும் பலகையின் செம்பும் சேரும் இடத்தில் வைத்து, இரண்டு எண்ணி, ஈயத்தைத் தொட்டு, எடுத்து, மூச்சைப் பிடித்தாள். காற்று நின்றது. ஏரியில் நாலு முறை துடுப்பு வலித்தார்கள். அடுத்த ஒட்டு, இன்னும் நாலு முறை. காற்று வீசும்போது பின்னால் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்று நான்கும் முடிந்தபோது படகுகள் பாதித் தூரம்கூட வரவில்லை. அதற்குள் சேதி பரவியிருந்தது. கோட்டுக்குள் பொதிந்துகொண்டு ஆளாளுக்குத் தங்கள் பழைய வானொலிகளைக் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் தர்தாயிலி தன்னுடையதை மேசையில் வைத்தார்.

"ரெண்டு வருஷமா கரகரங்குது மருமகளே. எத்தனை ஒட்டு விட்டிருக்கோ, அத்தனையும் உனக்குத்தான்."

ஒவ்வொன்றையும் திறந்து, விரிசல் கண்ட ஒட்டுகளைத் தேடி, பழைய அழுக்கைச் சாராயத்தால் துடைத்து, புதிதாக வைத்தாள். ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. ஜூராகான் ஏரியைப் பார்த்துப் படகுகளின் தூரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு வெளியே ஓடினாள்.

படகுகள் ஐந்தேகாலுக்குக் கரை சேர்ந்தன. ஒரு வலை போயிற்று, நான்கு பேரும் வந்தார்கள். அன்று திறக்கப்பட்ட இருபத்தாறு வானொலிகளில் இருபத்தைந்து தெளிவாகப் பாடின. மீதி ஒன்றுக்கு மின்கலம் இல்லை.