சவேரியார் வானொலி

அய்யாவின் விரல்களில் சுற்றியிருந்த செபமாலையை மெல்லத் தளர்த்தி, வலது கட்டைவிரலை உருவி, அவருடைய போனின் மீது வைத்து அழுத்தினாள் ஆன்சி. திறக்கவில்லை. துப்பட்டாவால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"ஏத்தா, போனவருகிட்டயா கைநாட்டு வாங்குற?" என்றாள் ஒருத்தி. சொத்து விவகாரம் என்று நினைத்துவிட்டாள் போல. அய்யா சவேரியாரின் சொத்து ஒரு நாட்டுப்படகில் பாதி. மீதிப் பாதி அவரோடு கடலுக்குப் போகும் உக்கிரபாண்டியுடையது.

ஆன்சிக்கு வேண்டியது போனுக்குள் இருந்தது. தினமும் சாயங்காலம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அய்யா அதில் பேசிப் பதிந்துவைப்பார். எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது. பேச்சு வரும், தெருவுக்கே கேட்கும்படி வரும். தங்கச்சிமடத்தில் அதற்கு 'சவேரியார் வானொலி' என்றே பேர். கோயம்புத்தூரிலிருந்து ஆன்சி கூப்பிட்டால்கூட, "செய்தி நேரம் வந்துருச்சுத்தா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவார். அதில் ஒன்றைக்கூட அவளுக்கு அனுப்பத் தெரியாமலேயே நேற்று ராத்திரி தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். போனைத் திறக்கும் எண்ணும் யாருக்கும் தெரியவில்லை. பெட்டியை மூடினால் அந்தக் குரலும் சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும்.

உக்கிரபாண்டி உள்ளே வந்தார். ஊரில் துக்கம் என்பதால் அன்று ஒரு படகும் கடலில் இறங்கவில்லை.

"அந்த வெரல வச்சா எப்படித்தா தொறக்கும்? ரேஷன் கடை மிசினுலயே பதியாது. காலமெல்லாம் கயிறு இழுத்த கை. ரேகையெல்லாம் கடலுக்குள்ள கெடக்கு."

உபதேசியார் வாசலிலிருந்து எட்டிப்பார்த்தார். "நேரமாச்சு. பாதர் கோயில்ல காத்திருக்காரு. பெட்டிய மூடிருவமா?"

ஆன்சி அய்யாவின் விரலைச் செபமாலைக்குள் திரும்பச் செருகினாள். சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா வேளாங்கண்ணியின் மடியில் போனைப் போட்டுவிட்டு அங்கேயே விழுந்து அழுதாள். வேளாங்கண்ணி காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. இப்போது மடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா அவுக வெரலப் போட்டு இந்தப் பாடு படுத்துன? என்னையக் கேட்டா என்னடி?"

அவள் கட்டைவிரலை வைத்ததும் போன் திறந்துகொண்டது.

"அவுகளுக்குத்தான் பதியலையே. போன் கடைக்காரப் பய என் வெரலத்தான் வச்சுக் குடுத்தான். தெனமும் மீன் அரியுற கையோட ஓடியாந்து நாந்தான் தொறந்து விடணும்."

ஆன்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியாகப் பதிந்திருந்ததை அழுத்தினாள்.

"இன்னைக்கு புதன்கெழம. கெழக்கேருந்து கொண்டக் காத்து. நண்டு வலையில நல்ல பாடு, கூடை நெறஞ்சுருச்சு. உக்கிரபாண்டி பரோட்டா வாங்கிக் குடுத்தான், நல்லாருப்பான். பக்கத்து வீட்டு சேதுலட்சுமி முருங்கக்கா குடுத்துவிட்டுச்சு. ஆன்சி போன் பண்ணுச்சு, சளி விட்டுருச்சாம். கொழம்புல உப்புக் கூட. சொல்லல. சொன்னா ராத்திரிக்கு வெறுங்கஞ்சிதான். இந்த நாளுக்கு நன்றி ஆண்டவரே."

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அடுத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உக்கிரபாண்டி துண்டைக் கடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆன்சி விரலால் தள்ளத் தள்ள, நாட்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் பத்திரமாக இருந்தன. இத்தனையையும் சேர்த்துவைத்துவிட்டுப் போன மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. அழுகையைவிட அதுதான் முன்னால் வந்தது.

போனில் அந்தப் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு அய்யா பெருமூச்சுவிட்டார்.

"அம்புட்டுத்தான் செய்தி. வேளா, கையக் குடு. முட்டி மடங்க மாட்டேங்குது, எந்திரிக்கணும்."

வேளாங்கண்ணி சுவரைப் பிடித்து எழுந்து, பெட்டியை நோக்கி வலது கையை நீட்டினாள். மூடியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.