வெறுஞ்சிப்பிகளின் கூச்சல்

என் அண்ணியின் கை சும்மா இருக்காது. தெரிந்திருந்தும் அந்தக் கையை நம்பி என் பிழைப்பை ஒப்படைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முத்துப் பண்ணையில் சிப்பியைக் கீறி உள்ளே உருண்டை வைப்பது அண்ணி. அதைச் சுற்றித்தான் முத்து வளரும். ஆனால் பல சிப்பிகள் அதை எதிரி என்று நினைத்து வெளியே துப்பிவிடும். ‘யாரோ உள்ளே புகுந்துட்டாங்க’ என்று உடம்புக்குள் முதலில் கூச்சல் போடுவது ஒரு மரபணு என்பது பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் கட்சி. அதைக் காட்ட, பச்சைக் கூடைச் சிப்பிகளில் உருண்டை வைக்க வேண்டும். வெள்ளைக் கூடையில் உள்ளவற்றைக் கீறிவிட்டு வெறுமனே மூட வேண்டும். பச்சை கத்த வேண்டும், வெள்ளை கத்தக் கூடாது. அண்ணியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

சில நாள் கழித்துச் சிப்பிகளின் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கூடையிலும் அதே கூச்சல். அதில் மூன்று சிப்பிகள் மட்டும் சாதுவாக இருந்தன.

ஆய்வுக்கூட இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் முசுடு. திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சும்மா கீறினாலே கத்துதுன்னா, இந்த மரபணுவை வச்சு என்னம்மா பண்றது? இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்.”

முடிச்சுக்கலாம் என்றால் என் வேலையும் சேர்த்துத்தான். அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. எங்கேதான் கோளாறு, பார்த்துவிடலாம் என்று வெள்ளைக் கூடையைத் தூக்கிவந்து, கத்திக்கொண்டிருந்த சிப்பி ஒன்றை எண் பார்த்து எடுத்து அவர் மேசையிலேயே பிளந்தேன். உருண்டை ஒன்று ஓடிப்போய் அவருடைய காப்பிக் கோப்பையில் மோதி நின்றது. அடுத்ததிலும் உருண்டை.

ஆள் அனுப்பியதும் அண்ணி கையுறையோடு வந்து திருதிருவென்று விழித்தார்.

“இதுல எதுக்கு அண்ணி வச்சீங்க?”

“வாயைத் திறக்க வச்சு, கத்தியும் போட்டுட்டு, ஒண்ணும் வைக்காம மூடறதா? நான் அப்படி மூடினதே இல்ல. மனசு கேக்கல.”

“என் வேலை போகப்போகுது அண்ணி.”

“எல்லாத்துலயும் வைக்கலம்மா. மூணுல வைக்கல. அப்ப நீ பக்கத்துலயே வந்து நின்னுட்ட.”

முசுடு கத்தியை வாங்கி, சாதுவான மூன்றையும் தானே பிளந்தார். மூன்றும் வெறுமை. பிறகு அந்த மனிதர் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

“நமக்கே தெரியாம வச்சதை உங்க மரபணு காட்டிக்கொடுத்திருக்கு. வேலையைத் தொடருங்க. இனிமேலும் உங்க அண்ணியே வைக்கட்டும். எதுல வச்சாங்கன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாது. மரபணுவே கண்டுபிடிக்குதான்னு பார்ப்போம்.”

அண்ணி முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே. எனக்கு வேலை தப்பியது. அண்ணிக்கு என்னை ஏமாற்றுவதே உத்தியோகமாகிவிட்டது.

வீடு திரும்பும் பஸ்ஸில், “நாளைக்கு எதுல வைக்கப்போறீங்க அண்ணி?” என்று நைசாகக் கேட்டேன்.

“ஆபீஸ் விஷயத்தை வெளிய பேசக் கூடாதும்மா,” என்றார்.