அகர வரிசையில் ரோசலி

குழந்தைக்கு வார்த்தை கற்பிக்க உலகத்திலேயே ஒரே வழி அகர வரிசைதான் என்று, சேலத்தில் பி.ஏ. படிக்கும் செபாஸ்டின் 1972 கோடை விடுமுறையில் பாப்பாரப்பட்டி வீட்டில் அறிவித்தான். அக்கா மகள் ரோசலிக்கு இரண்டரை வயசாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா லூர்து மேரிக்கு அதே கவலை. பால்வாடி டீச்சர் சொன்னபடி, அவள் கேழ்வரகு புடைத்தாலும் துணி பிழிந்தாலும் செய்வதையெல்லாம் குழந்தையிடம் சொல்லிக்கொண்டே செய்தாள்.

"பதிலே சொல்லாத புள்ளகிட்ட பேசறதும் அம்மிக்கல்லுகிட்ட பேசறதும் ஒண்ணுதான்க்கா," என்றான் செபாஸ்டின்.

"நீ படிச்சவன் சாமி. ஒரு வாரம் நீயே பாரு. அவ வாயத் தொறந்தா போதும்."

அகப்பை, அகராதி, அஞ்சறைப்பெட்டி என்று வாரம் போனது. ரோசலி அவன் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறையிலும் குற்றமில்லை, குழந்தையிடமும் குற்றமில்லை. பிறகு எங்கேதான் இடிக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

எட்டாம் நாள் அக்கா சந்தைக்குப் போனதால் குளிப்பாட்டும் வேலை அவனிடம் வந்தது. தண்ணீரைக் கண்டதும் குழந்தை அழ ஆரம்பித்தது. என்ன செய்வதென்று தெரியாமல், "இது சொம்பு. தண்ணி மொள்றோம். கால்ல ஊத்தறோம்," என்றான்.

ரோசலி அழுகையை நிறுத்திவிட்டுக் காலிச் சொம்பைக் காட்டினாள்.

"ஊத்து."

அவன் அட்டவணைப்படி ஊகாரத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கே தப்பு என்று யோசித்தான், விளங்கவில்லை. அக்கா வருகிறாளா என்று வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த சொம்பை மொண்டான்.

"இது முதுகு. இப்ப முதுகுல ஊத்தறோம்."