கல் எடுத்துருங்க

சந்திரமதி படகு ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பலகைத் தளத்தின் மேல் ஒன்பது கான்கிரீட் க்யூப்கள் வரிசையாக இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

பீட்டர் ஐஸ் கிடங்கு வாசலில் உட்கார்ந்து படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜெட்டியின் சாவி அவரிடம்தான். அவருடைய தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். பேரனுக்குத் தமிழ் வீட்டில் மட்டும், மற்ற நேரமெல்லாம் ஹிந்தி.

"அண்ணே, கல் எங்க?"

"கல் தானே? கல் எடுத்துரலாம் பாப்பா. நீதானே போன்ல சொன்னே?"

"காலையிலே எடுத்துருங்கன்னு சொன்னேன். பதினொன்றரைக்குத் தண்ணி இறங்கியிருந்துச்சே!"

"அரே, 'கல் எடுத்துருங்க'ன்னு சொன்னே. நானும் டீக் ஹைன்னு சொன்னேன். கல் எடுக்கணும்னா ஆஜ் ஏன் எடுக்கணும்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் புரிந்தது. அவள் சொன்னது கல்லை. அவர் கேட்டது ஹிந்தி 'கல்'லை, அதாவது நாளையை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் வேலை பார்க்கும் பெரார்கஞ்சில் சிக்னல் போய்விட்டது. அவள் மிச்சத்தைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தீவில் ஆற்று மணல் கிடையாது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடற்கரை மணலில் கை வைத்தால் வழக்கு. குவாரிகளில் கல் உடைக்கும்போது விழும் தூள் மட்டும் குவிந்து கிடக்கிறது. மணலுக்குப் பதில் அந்தத் தூளைப் போட்டால் கான்கிரீட் கடலைத் தாங்குமா? அவளுடைய எம்.டெக். ஆய்வு இவ்வளவுதான். கல்லூரி மெயின்லேண்டில், கைடு போனில். கலவை போட்டது, அச்சில் ஊற்றியது, தூக்கிச் சுமந்தது எல்லாம் அவள் ஒருத்தி. பகலில் பெரார்கஞ்சில் கட்டட வேலைக்கு சூப்பர்வைசர்.

முழுக்க மணல், பாதி தூள், முழுக்கத் தூள் என்று மூன்று கலவை. ஒவ்வொன்றிலும் மூன்று க்யூப், ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. சிவப்பு, வெள்ளை, நீலக் கயிறு கட்டிய மூன்று வலைகளில் போட்டு, ஜெட்டிக்கு அடியில் கடலின் ஏற்றமும் வற்றமும் மாறி மாறி அடிக்கும் குறுக்குச் சட்டத்தில் தொண்ணூறு நாளுக்கு முன் கட்டியிருந்தாள். நாளை காலை பத்து மணிக்கு ஊரிலுள்ள பரிசோதனைக் கூடத்தில் அவற்றை மெஷினில் அழுத்தி உடைத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கு அந்த மெஷினைப் பழுதுபார்க்கக் கழற்றிவிடுவார்கள். திரும்பப் பூட்ட ஒரு மாதம் ஆகும். அவளுடைய ஆய்வுப் பதிவு இந்த மாதக் கடைசியோடு காலாவதி. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று.

"காலையில வா, எடுத்துத் தரேன்," என்றார் பீட்டர்.

"காலையில ஏற்றம். தண்ணி இறங்க மத்தியானம் ஆயிரும். இப்பவே எடுக்கணும்."

"புயல் கொடி ஏத்திட்டாங்க, பார்த்தியா? நாலு மணிக்கு கேட்டைப் பூட்டணும். பாகல் ஹோ க்யா, பைத்தியமா?"

அவள் செருப்பைக் கழற்றினாள்.

இரும்பு ஏணி வழுக்கியது. குறுக்குச் சட்டத்தில் கால் வைத்தபோது தண்ணீர் இடுப்பு வரை வந்துவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் மார்பு வரை ஏறியது. தூணெல்லாம் கூரான சிப்பி. கட்டிப்பிடிக்காவிட்டால் விழுவாள், கட்டிப்பிடித்தால் கிழியும். அவள் கட்டிப்பிடித்தாள்.

சிவப்பு முடிச்சைத் தண்ணீருக்குள் தடவித்தான் அவிழ்க்க முடிந்தது. முனையை மேலே எறிந்தாள். பீட்டர் அவளையும் அவள் கல்லூரியையும் மெஷினைக் கண்டுபிடித்தவனையும் ஹிந்தியில் ஏசிக்கொண்டே இழுத்தார். வலை ஏறியது. வெள்ளையும் ஏறியது.

நீலம் அசையவில்லை. முழுக்கத் தூள் போட்ட கலவை அது. அது இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. முடிச்சின் மேல் சிப்பி வளர்ந்து இறுகியிருந்தது.

"மேல வா! போதும்!"

"கத்தி போடுங்க!"

"மாட்டேன். நீ செத்தா உங்க அப்பாவுக்கு நான் என்ன ஜவாப் சொல்றது?"

"கல் எடுத்துட்டு வரேன்னு சொல்லுங்க."

மீன் வெட்டும் கத்தி கயிற்றில் கட்டி இறங்கியது. அவள் முடிச்சுக்குக் கீழே அறுத்து, அறுந்த முனையில் பீட்டரின் கயிற்றை முடிந்தாள். அதற்குள் ஓர் அலை தலைக்கு மேல் போனது. வாயில் உப்பு, மூக்கில் உப்பு. பீட்டர் இழுத்தார். வலை தூணில் உரசியது. கிழியும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஏதோ கனமான ஒன்று தொடையில் இடித்துக்கொண்டு கீழே போனதுதான் தெரிந்தது.

மேலே ஏறி எண்ணினாள். எட்டு. நீலத்தில் இரண்டு.

ரத்தம் வழியும் முழங்கையைப் பீட்டர் தன் துண்டால் சுற்றிவிட்டார். "ஆட்டை எண்ற மாதிரி எண்ணிக்கிட்டே நிக்கிறியே. எட்டு இருக்கே, பஸ் நஹி? போதாதா?"

"மூணு மூணா இருக்கணும்ணே. மூணோட சராசரிதான் செல்லும். ரெண்டை வச்சு ஒண்ணும் எழுத முடியாது."

அவர் சாவியை எடுத்தார். கேட்டைப் பூட்டினார்.

மறுநாள் புயல் வடக்கே விலகிப் போயிருந்தது. கூடத்தில் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் பொன்னுத்துரை, ஓய்வுக்கு எட்டு மாதம் இருப்பவர். சிவப்பு மூன்றும் வெள்ளை மூன்றும் ஒழுங்காக உடைந்தன. நீலத்தில் முதலாவது 690 கிலோநியூட்டன் தாங்கியது. இரண்டாவது 700. மணல் போட்ட கலவையைவிட அதிகம்.

"நல்லா வந்திருக்கு பிள்ளை," என்றார் பொன்னுத்துரை. "மூன்றாவது எங்கே?"

"கடல்ல."

"இரண்டு மணி வரைக்கும் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை."

ஒரு மணி பத்துக்கு வாசலில் ஆட்டோ நின்றது. பீட்டர் சொட்டச் சொட்ட இறங்கினார். வற்றத்தில் இறங்கி, தூணடிச் சேற்றில் கையை விட்டுத் தேடியிருக்கிறார். கோணியைப் பிரித்தார். அடையாளத்துக்கு அவள் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து சரியாக இருந்தது. ஒரு மூலை மட்டும் விரலகலத்துக்குப் பெயர்ந்திருந்தது.

பொன்னுத்துரை மூலையைத் தடவினார். "இதை வைக்கத் தேவையில்லை. உடைந்தது என்று எழுதித் தள்ளிவிடலாம். வைத்து, மற்ற இரண்டோடு சேராமல் போனால் மூன்றும் போகும். யோசி."

அவர் சொன்னது விதி. ஒரு க்யூப் மூன்றின் சராசரியிலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மூன்றுமே செல்லாது. தள்ளினால் இரண்டு. இரண்டும் செல்லாது. அவள் யோசிக்க அதில் பெரிதாக எதுவும் இல்லை.

"வைங்க சார்."

முள் ஏறத் தொடங்கியது. இருநூறு. முந்நூறு. நானூறு. பெயர்ந்த மூலையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கீழே இறங்கியது. ஐந்நூறு. கோடு இரண்டானது. அவள் கைகளை இறுக்கியதில் முழங்கைக் காயம் திரும்பத் திறந்தது. டப்பென்று ஒரு சத்தம். கறுப்பு முள் விழுந்தது. எட்டிய உச்சத்தைக் காட்டும் சிவப்பு முள் அங்கேயே நின்றது.

540.

கணக்கை அவள் கூடத்தில் காத்திருந்தபோதே போட்டு வைத்திருந்தாள். 690, 700 என்று வந்த பின் மூன்றாவது குறைந்தது 550 தாங்க வேண்டும். அந்த டயலில் பத்துக்கு ஒரு கோடு. ஒரே ஒரு கோடு குறைவு.

பொன்னுத்துரைக்கும் கணக்கு தெரியும். முப்பது வருடம் அதே மெஷின். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். "எனக்குக் கண் சரியில்லை பிள்ளை. ஐந்நூற்று ஐம்பதா? நீயே பார்த்து எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்."

பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் ஐந்தை எழுதினாள். அடுத்த இலக்கத்துக்கு முன்னால் பேனா நின்றது. வேலைத்தளத்தில் இப்படி ஏற்றி எழுதப்பட்ட எண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பெரார்கஞ்சில் கான்ட்ராக்டர் நீட்டும் தாளில் எல்லாமே வரம்புக்கு ஒரு கோடு மேலே இருக்கும். அவளும் வாயை மூடிக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அது அவருடைய கல். இது இவள் ஊற்றியது.

நாலு எழுதினாள். பூஜ்யம் எழுதினாள்.

பொன்னுத்துரை தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "உன் இஷ்டம்," என்றார். அதில் பாராட்டு எதுவும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

வெளியே வந்து கைடுக்குப் போன் செய்தாள். நீட்டிப்புக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். மூன்றாவது முறை கொடுத்ததாகத் தனக்குத் தெரிந்து இல்லை என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பீட்டர் ஆட்டோவில் சாய்ந்து நின்றார். லுங்கி இன்னும் காயவில்லை.

"பாஸா?"

"இல்லண்ணே."

"என் கல்லாலயா?"

"ஆமா."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, "அப்ப இனி என்ன பண்ணுவே?" என்றார்.

"மறுபடி ஊத்துவேன். அச்சு வீட்லதான் இருக்கு. வலையைக் கட்ட ஜெட்டி தருவீங்களா?"

"காலேஜ்ல தேதி நீட்டிக் குடுக்கலேன்னா?"

"தெரியல."

"எப்ப ஊத்துவே?"

"கல்," என்றாள்.

பீட்டர் நிமிர்ந்தார். "ருக்கோ, ருக்கோ. இது எந்தக் கல்?"

"நாளைக்கு."

"ஒரு தடவை தமிழ்ல சொல்லிரு பாப்பா."

"நாளைக்குண்ணே. காலையில ஏழு மணிக்கு."