ஆறாவது கட்டம்

...உண்டா, இல்லையா, அவ்வளவுதான் கேட்டிருக்கிறது ஆறாவது கட்டத்தில், சம்சாரம் உண்டா இல்லையா. மற்றதெல்லாம் எழுதியாயிற்று, எட்மண்ட், இருபத்தாறு, கிறிஸ்தவன், எஃப்.ஏ. தேறியவன், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு ரைட்டர், அதற்கப்புறம் பேனா நின்றுவிட்டது. வியாழக்கிழமை சீமைப் பிரபு ஒருவர் சுரங்கம் பார்க்க வருகிறார். போன வருஷம் பூனாவில் பிளேக் அதிகாரியைச் சுட்டதிலிருந்து சர்க்காருக்குப் பயம், டைனமைட்டைத் தொடுகிறவர்களில் பெண்டாட்டி இல்லாதவனையெல்லாம் பங்காருபேட்டை போலீஸ் டாணாவில் உட்காரவைத்துவிடு, பிரபுவின் ரயில் திரும்பிப் போகிறவரை, என்று உத்தரவு. பெண்டாட்டி உள்ளவன் குண்டு எறிய மாட்டானாம். யார் யோசித்திருப்பார்கள் இதை, கல்யாணமான துரையாகத்தான் இருக்கும். டாணாவில் உட்கார்ந்து வந்தவனிடம் கம்பெனி மறுபடி கிடங்குச் சாவியைத் தராது, வேலை போகும், வீடும் போகும்... அவள் அடுப்பு மெழுகிய வீடு.

“எழுதுங்க ரைட்டரே,” என்கிறார் ஏட்டு முனியப்பன், தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. “காலையிலேர்ந்து இது நாலாவது சுரங்க ஷாப்ட்டு. ஒருத்தன் ரெண்டு சம்சாரம்னு எழுதிக் குடுத்தான். அவன் இன்னா, ரெண்டு மடங்கு நல்லவனா?” சிரிக்க வேண்டிய இடம், சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆவணியில் வந்தது வேறு தாள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா, என் சம்சாரம் ஞானசுந்தரிக்கு அன்று காலைதான் உடம்பு லேசாகச் சுட்டது, எங்கள் கூலி லைன் வீடுகளில் எல்லோரும் இல்லை என்றே சொன்னார்கள், நான் படித்தவன், சர்க்கார் தாளில் பொய் எழுதுவேனா, உண்டு என்று எழுதினேன், நல்ல கையெழுத்தில். மறுநாள் அவளைக் கொண்டுபோக பிளேக் வண்டி வந்தது. வெறும் காய்ச்சல்தாங்க, என்றாள், வண்டிக்காரனிடம், என்னிடமில்லை. பிளேக் அவளுக்குக் காய்ச்சல்காரர்களை அடைத்த தகரக் கொட்டகையில்தான் தொற்றியது, அதில்தான் செத்தாள் என்று டாக்டரே சொன்னார், மழை வரும் என்று சொல்வதைப் போல.

“உண்டுன்னு எழுதிடுங்க,” முனியப்பன் குரலைத் தாழ்த்துகிறார். “அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு நெனச்சுக்கறேன். எனக்கு மட்டும் தெரியாதா இன்னா.”

உண்டு. எழுதிவிட்டேன், அதே சாய்வு, அன்றைக்கு எழுதிய அதே நல்ல கையெழுத்து. ஏட்டு தாளை ஊதிக் காயவைத்து மடித்துக்கொண்டு போகிறார். இத்தனை நாள் அவள் சாவை நோய் என்றே நினைத்திருந்தேன், யாரோ செய்த காரியம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, இந்தத் தாள் கேட்கும்வரை. எனக்குத் தோன்றாதது சர்க்காருக்கு எப்படி முன்னாலேயே தோன்றியது... கிடங்குச் சாவி மேசையிலேயே கிடக்கிறது. வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.