அப்பாவின் தோஷ்கா

நோன்பின் முதல் நாள், விடிவதற்குச் சற்று முன் அப்பா இறந்தார். நான் அப்போது மக்மூருக்குத் தெற்கே ஒரு மொட்டைக் குன்றின் மேல், அவர் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியின் பக்கத்தில் உட்கார்ந்து, நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டியும் தயிரும். விடுப்பில் ஊரில் இருந்த அண்ணன் ஃபாத்திஹ் போன் செய்தான்.

"ஷமால், அப்பா போயிட்டாருடா."

எனக்கு அழுகை வரவில்லை. "நேத்து சாயங்காலம்கூட பேசினாரே" என்றேன். என்னமோ நேற்றுப் பேசியவர் இன்று சாகக் கூடாது என்று சட்டம் இருப்பதுபோல.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வெயில் பொசுக்குது, அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது. வந்துடு" என்றான். பிறகு, "துப்பாக்கியோட வா" என்றான்.

எங்கள் ஊர் கோயாவுக்குப் பக்கத்தில். குன்றிலிருந்து காரில் கிளம்பினால் உச்சிவேளை லுஹர் தொழுகைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அடக்கத்துக்குப் பின் மூன்று நாள் துக்கத்துக்கு ஊரில் நிற்க வேண்டும். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை அந்தத் துப்பாக்கிதான்.

வட ஈராக்கில் எங்கள் இனத்துக்கென்று இருக்கிற படையில் ஆள் அரசாங்கத்துக்குச் சொந்தம், துப்பாக்கி அவனவன் வீட்டுக்குச் சொந்தம். விடுப்பில் போகிறவன் தன் துப்பாக்கியையும் தோளில் போட்டுக்கொண்டு போவான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், உன் செருப்பை ஏன் எடுத்துப் போகிறாய் என்று கேட்காததுபோல. போன கோடையில் கறுப்புக் கொடிக்காரர்கள் மோசுலைப் பிடித்து, அங்கே ஈராக் ராணுவம் போட்டுவிட்டு ஓடிய அமெரிக்க வண்டிகளிலேயே ஏறி எங்கள் மேல் வந்தார்கள். அவர்களிடம் அமெரிக்க ஆயுதம், எங்களிடம் தாத்தா காலத்து ரஷ்யத் துப்பாக்கி. அப்பா வாதுமைத் தோப்பை விற்று, சுலைமானியா சந்தையில் தோஷ்கா என்கிற கனத்த இயந்திரத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். ஆள் உயரத்துக்கு நீளமான குழல், கட்டை விரலைவிடத் தடித்த குண்டு. அதை எங்கள் பிக்கப் வண்டியின் முதுகில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்.

வாங்கியது ஒன்று, பிள்ளைகள் இரண்டு. அதுவும் ஆளுக்கொரு கட்சி. ஃபாத்திஹ் பச்சைக் கட்சியின் படையில் கிர்குக் பக்கம் இருந்தான், நான் மஞ்சள் கட்சியின் படையில். ஒரே நாடு என்று பேச்சு, படை மட்டும் இரண்டு. என் குன்றில் வேறு எதுவுமே இல்லை என்பதால் அப்பா துப்பாக்கியை எனக்குக் கொடுத்தார். அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கொடுத்த அன்று அப்பா எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குழலின் மேல் வைத்து அழுத்தினார்.

"எம் மகன் கை இல்லாம இது ஒரு ராத்திரிகூட எங்கயும் தங்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

செய்தோம். கிழவர் காரணமில்லாமல் கேட்கவில்லை. எங்கள் ஊர் தவ்ஃபீக், தங்கை கல்யாணத்துக்கு என்று தன் துப்பாக்கியை நண்பனிடம் விட்டுவிட்டு வந்தான். மூன்று நாள் கழித்துத் திரும்பிப் போனால், மேலிருந்து ஒரு அதிகாரி வந்து வேறு முனைக்கு எடுத்துப் போய்விட்டாராம். தவ்ஃபீக் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் குன்றின் தளபதி விர்யா மாமா. மலையிலேயே கிடந்து நரைத்த மனிதர், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரையாவது திட்டாவிட்டால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து என் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"நல்ல மனுஷன்டா உங்க அப்பன். கெளம்பு. அப்பனை மண்ணுல வெக்கப் போறவனைத் தடுக்கறவன் ஆம்பளையே இல்ல."

"துப்பாக்கி, மாமா?"

அவர் கீழே பார்த்தார். குன்றின் அடிவாரத்திலிருந்து ஒரு தார்ச்சாலை நேராக எதிரே இருந்த கிராமத்துக்குப் போனது. அந்தக் கிராமம் அவர்கள் கையில். இரண்டு நாளாக அங்கே வெல்டிங் சத்தம். லாரியின் முகத்தில் இரும்புத் தகடு அடிக்கிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் ஒட்டுக்கேட்டு எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உள்ளே வெடிமருந்தை அடைத்து ஒருவன் ஓட்டிக்கொண்டு வருவான். சாதாரணத் துப்பாக்கியால் சுட்டால் அந்தத் தகட்டில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி சத்தம்தான் வரும். ஜெர்மன்காரன் கொடுத்த ஏவுகணை இரண்டு குன்று தள்ளி இருந்தது, பெரிய சாலைக்கென்று ஒதுக்கியது. கேட்டதற்கு, மிச்சமிருப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்த லாரியின் சக்கரத்தையாவது கிழிக்கக்கூடிய பொருள் எங்கள் குன்றில் ஒன்றே ஒன்று. அது என் அப்பாவுடையது.

"ஒன் துப்பாக்கி, ஒன் இஷ்டம். எடுத்துட்டுப் போனா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார் விர்யா மாமா.

"எடுத்துட்டுப் போனா நீங்கல்லாம்?"

"நாங்க கல்லு எறிவோம்."

"விட்டுட்டுப் போறேன் மாமா. வேற கார்ல போறேன். ராத்திரி மேலயிருந்து யாரும் வந்து எடுத்துட்டுப் போக மாட்டாங்கன்னு நீங்க எனக்குச் சத்தியம் பண்ணுங்க. போதும்."

அவர் தாடியைத் தேய்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பிப் போயிருப்பேன். "அதைப் பண்ண முடியாதுடா மவனே. உத்தரவோட ஒருத்தன் வந்து நின்னா நான் என்ன செய்ய? என் குன்றுன்னா சொல்ல முடியும்?" என்றார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் போல் எதிரியின் மேல்கூட வந்ததில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். துப்பாக்கியை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

"சத்தியம் பண்ணினது மறந்துபோச்சா? அப்பா உடம்பு இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல."

"எடுத்துட்டு வந்தா இங்க பன்னெண்டு பேர் செத்துப் போவாங்க அண்ணே."

"அப்ப இரு" என்றான். வைத்துவிட்டான்.

இருந்தேன். வேறென்ன செய்ய? யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. வண்டிச் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு சிப்பாய்க்கு இதைவிடச் சுதந்திரம் எந்த நாட்டிலும் கிடைத்திருக்காது. அரசாங்கத் துப்பாக்கியாக இருந்திருந்தால், இந்தாய்யா உன் சாமான் என்று வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

தில்ஷேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சண்டைக்கு முன்னால் எர்பில் கடைவீதியில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். வாய் ஓயாது. அன்று அவன் எனக்கு ஆறுதல் சொல்லக் கண்டுபிடித்த வழி அமெரிக்கா.

"அண்ணே, இன்னிக்கு அவங்க சபையில ஓட்டெடுப்பு. ஆயுதத்தை நேரா நமக்கே அனுப்பற சட்டம். பாக்தாத் வழியா சுத்தி வராது."

"பாக்தாத்ல என்ன பண்றாங்க ஆயுதத்தை?"

"செக் பண்றாங்களாம். பொட்டி பொட்டியா பிரிச்சு, நல்லா இருக்கறதையெல்லாம் செக் பண்ணி அவங்களே வெச்சுக்கறாங்க. நமக்குப் பொட்டி வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல பையன்.

வெயில் ஏறியது. போராளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று முல்லா சொல்லியிருந்தும் அன்று குன்றில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நான் துப்பாக்கியின் இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கானல் ஆடும்போதெல்லாம் லாரி வருவதுபோலவே இருந்தது. வரட்டும் என்று ஆசைப்பட்டேன், வந்து தொலைந்தால் சுட்டுவிட்டுக் கிளம்பலாம். அந்த அளவுக்கு மூளை கலங்கிப்போயிருந்தது.

அஸர் நேரம் வந்தது. அண்ணனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மாமன் மகனுக்கு அடித்தேன். எங்கள் ஊரில் இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் அடித்தேன். எல்லாப் போன்களும் மணி அடித்து அடித்து ஓய்ந்தன. ஊர் முழுக்க அப்பாவைத் தோளில் வைத்துப் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

விர்யா மாமா எங்கள் பக்கம் வந்தார். உடல் முன்னால் இல்லாவிட்டாலும் இறந்தவருக்காகத் தொழலாம், எங்களில் அது வழக்கம். காவலில் நின்றவர்கள் போக மிச்சப் பேர் வண்டிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். நான் இறங்கப் போனேன்.

"நீ எங்கடா போற?"

"எங்க அப்பா, மாமா!"

"சாலையை யார் பாப்பாங்க?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் என் அப்பாவுக்குத் தொழுகை நடந்தது, அவர் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் நடத்தினார்கள். அவருடைய மகன் மட்டும் தொழுகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தபடி, ஒரு காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'அல்லாஹு அக்பர்' என்ற முதல் தக்பீரிலேயே கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. அந்த நேரம் லாரி வந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

லாரி வரவில்லை.

நோன்பு திறந்து, பருப்புக் கஞ்சியும் அவரைக் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டு முடித்த பிறகு தில்ஷேர் மண் மூட்டைக் கூண்டுக்குள்ளிருந்து கத்தினான். அங்கே ஒரு சின்ன டிவி இருந்தது. "பாதிக்கு மேல! பாதிக்கு மேல நமக்கு ஓட்டுப் போட்டுட்டாங்க!" ஒருவன் வானத்தைப் பார்த்துச் சுட்டான். "குண்டு உங்க மாமனார் வீட்டு சீரா?" என்று விர்யா மாமா அவனை நோக்கி ஓடினார். நான் இருக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கணம், ஒரே கணம், நாளைக்கே பெட்டிகள் வந்து இறங்கும், நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று நெஞ்சு நம்பிவிட்டது.

பிறகு தில்ஷேர் வெளியே வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"தோத்துடுச்சாம்."

"பாதிக்கு மேலன்னியேடா?"

"பாதிக்கு மேல போதாதாம் மாமா. நூறுல அறுபது வேணுமாம். அவங்க ஊர் வழக்கமாம்."

விர்யா மாமா விரலை மடக்கினார். "வேண்டாம்னு சொன்னவன் கம்மி. வேணும்னு சொன்னவன் அதிகம். இருந்தாலும் வேண்டாம்னு ஆயிடுச்சு. இதை எந்தக் கழுதைடா கண்டுபிடிச்சான்?" எனக்கு அவர்கள் வழக்கத்தைப் பழிக்க வாய் வரவில்லை. எங்கள் வழக்கம் மட்டும் என்ன வாழ்கிறது?

விடிந்ததும் பின்பக்கக் காவலிலிருந்து ஆள் ஓடி வந்தான். "மாமா, பச்சைக் கட்சிக்காரன் ஒருத்தன் டாக்ஸியில வந்து எறங்கியிருக்கான். தோஷ்கா எங்கன்னு கேக்கறான்."

ஃபாத்திஹ்தான். குன்றேறி வந்தான். முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது, எங்கள் ஊர் மண். அது எங்கிருந்து ஒட்டியது என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. தளபதியும் ஆட்களும் வண்டியைச் சுற்றி நெருங்கி நின்றுகொண்டார்கள். அப்பா போய்விட்டார், மூத்தவன் பங்கு கேட்க வந்துவிட்டான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான். இருக்கையிலிருந்து எழுந்து குழலின் முன்னால் நின்றேன்.

"அண்ணே, இதை இங்கேருந்து எடுக்க விட மாட்டேன்."

அவன் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான். "லாரி வந்துச்சா?"

"வரல."

"அப்ப இன்னிக்கு வரும்." வண்டியின் மேல் ஏறினான். என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு இருக்கையில் உட்கார்ந்து குழலில் கை வைத்தான். "நேத்து நான் நின்னேன். இன்னும் ரெண்டு நாள் துக்கம் இருக்கு. போய் நில்லு. டாக்ஸிக்காரன் நோன்புக்காரன், காக்க வெக்காத."

"அண்ணே..."

"மகன் கைதானடா கேட்டாரு? எந்த மகன்னு சொல்லலையே. போ."

விர்யா மாமா தொண்டையைச் செருமினார். "தம்பி, நீ பச்சை. மேலயிருந்து யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"செத்தவரோட மூத்த பிள்ளைன்னு சொல்லுங்க" என்றான் ஃபாத்திஹ். விர்யா மாமா தலையை ஆட்டினார். தன் போர்வையைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டுவிட்டுப் போனார்.

நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

ஊர்ப் பள்ளிவாசல் கூடத்தில் துக்கத்துக்கு வருபவர்களை வாசலில் நின்று வரவேற்பது பிள்ளைகளின் கடமை. மூத்தவன் முதலில், இளையவன் அவனுக்கு அடுத்து. நான் அடுத்த இடத்தில்தான் நின்றேன். முதல் இடத்தில் நிற்க மனம் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காலி இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்கள். இறந்தவருக்காக ஃபாத்திஹா பிரார்த்தனை ஓதிவிட்டு உட்கார்ந்து, தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கேட்டது.

அப்பாவின் பழைய சிநேகிதர் ரம்சி மாமா கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து என்னிடமே வந்துவிட்டார்.

"ஏன்டா ஷமால், நேத்து அவன் நின்னான், நீ இல்ல. இன்னிக்கு நீ நிக்கற, அவன் இல்ல. அப்பன் மண்ணு இன்னும் காயல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒண்ணா நிக்க முடியாத அளவுக்கு என்ன சண்டை?"

"சண்டை இல்ல மாமா" என்றேன். "எங்ககிட்ட ஒரு துப்பாக்கிதான் இருக்கு."